சம்பள அட்டையும் ஆறு இலக்க எண்ணும்



முன்பெல்லாம் தோட்டத்தில் சம்பள நாள் எப்படி இருக்கும் என்பதை நம் வீட்டுப் பெரியவர்கள் நன்கு அறிவார்கள். ஆபீசுக்கு முன்னால் வரிசை நிற்கும். கிராணி பெயரைக் கூப்பிடுவார். நோட்டும் சில்லறையுமாகப் பணம் கைக்கு வரும். அங்கேயே எண்ணிப் பார்த்து, கைரேகை வைத்துவிட்டு, முந்தானையில் முடிந்துகொண்டு லயத்துக்குத் திரும்புவார்கள். அந்தப் பணத்தைத் திருட நினைக்கிறவன் அந்த முடிச்சிலேதான் கை வைக்க வேண்டும். வைத்தால் உடையவருக்குத் தெரிந்துவிடும்.

இன்று சம்பளம் வங்கிக் கணக்கில் விழுகிறது. நம் கையில் இருப்பது ஓர் அட்டை. இந்தக் காலத்துத் திருடன் முடிச்சில் கை வைப்பதில்லை. நம் முகத்தைக்கூட அவன் பார்ப்பதில்லை. எங்கோ உட்கார்ந்துகொண்டு, நம் வாயாலேயே நம் பணத்தை எடுத்துக் கொடுக்க வைக்கிறான். அவனிடமிருந்து நம்மை எப்படிக் காத்துக்கொள்வது என்பதையே இன்று பேசப் போகிறோம்.

“கடன் அட்டை வைத்திருப்பவர்கள் பட்டணத்துக்காரர்கள். நம்மிடம் இருப்பது பணம் எடுக்கிற கார்டு மட்டும்தானே, நமக்கு என்ன பயம்?” என்று சிலர் கேட்கலாம். உங்கள் அட்டையை எடுத்துச் சற்றே திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கத்திலோ மறுபக்கத்திலோ பதினாறு இலக்கங்கள் இருக்கும். அது எந்த மாதம், எந்த ஆண்டு வரை செல்லும் என்று போட்டிருக்கும். பின்புறம் கையெழுத்துக்கு அருகே மூன்று இலக்கங்கள் இருக்கும். இவை உங்கள் அட்டையில் இருந்தால், அது பணம் எடுக்கும் அட்டை மட்டுமல்ல. கடையிலும் இணையத்திலும் பொருள் வாங்கக்கூடிய அட்டையும் ஆகும்.

கடன் அட்டைக்கும் இதற்கும் ஒரு வேற்றுமை உண்டு. கடன் அட்டையில் முதலில் போவது வங்கியின் பணம். மாதக் கடைசியில் கணக்குச் சீட்டு வரும். அதைப் பார்த்து, “இது நான் வாங்கியதல்ல” என்று வாதாட அவகாசம் இருக்கிறது. நம் சம்பள அட்டையிலோ போவது நம்முடைய பணம். அந்த நிமிடமே போய்விடும். ஆகவே பட்டணத்துக்காரரைவிட நாம்தான் அதிகக் கவனமாக இருக்க வேண்டும்.

இப்போது நாம் பணியாற்றும் பள்ளியில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். பெயர்கள் வேண்டாம். சில ஆண்டுகளுக்கு முன், ஐந்தாம் ஆண்டில் படித்த ஒரு மாணவன் திங்கட்கிழமை பள்ளிக்கு வரவில்லை. நன்றாக வாசிக்கக்கூடிய பையன். மறுநாள் அவனுடைய தாயார் தனியாக வந்தார். வகுப்பு முடியும் வரை வாசலிலேயே நின்றார். பிறகு, “சார், பையன் இனிமேல் எதையுமே வாசிக்க மாட்டேன் என்கிறான்” என்று சொல்லி அழுதுவிட்டார்.

நடந்தது இதுதான். வெள்ளிக்கிழமை மாலை அந்த அம்மாவுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்திருக்கிறது. பேசியவர் மரியாதையாகத் தமிழிலேயே பேசியிருக்கிறார். “வங்கியிலிருந்து பேசுகிறோம் அம்மா. உங்கள் அட்டையைக் கொண்டு ஜொகூர் பாருவில் யாரோ பொருள் வாங்கப் பார்க்கிறார்கள். நீங்கள் இல்லையென்றால் உடனே அதை ரத்துச் செய்து தருகிறோம்” என்றார். அந்த அம்மா பதறிப் போனார். மூத்த மகளைக் கல்லூரிக்கு அனுப்பவென்று மங்கு மங்காகப் பால் சேர்ப்பதைப் போலச் சேர்த்த பணம் அந்தக் கணக்கில் இருந்தது.

“அட்டையைப் பார்த்து எண்களைச் சொல்லுங்கள், சரிபார்க்கிறோம்” என்றார் அவர். தாயாருக்கு எழுத்து அவ்வளவாக வராது. மகனைக் கூப்பிட்டார். அவன் பதினாறு இலக்கங்களையும் வாசித்தான். மாதத்தையும் ஆண்டையும் வாசித்தான். பின்னால் உள்ள மூன்று இலக்கங்களையும் வாசித்தான். “இப்போது உங்கள் போனுக்கு ஆறு இலக்கத்தில் ரத்து எண் ஒன்று வரும். அதையும் சொல்லுங்கள்” என்றார் அவர். செய்தி வந்தது. பையன் வாசித்தான். “சரியாக விழவில்லை, இன்னொரு முறை” என்றார். மீண்டும் ஓர் எண் வந்தது. அதன் பிறகு மூன்றாவதாகவும் ஒன்று வந்தது. மூன்றையும் வாசித்தான். அன்றிரவு கணக்கைப் பார்த்தபோது 3,800 வெள்ளிக்கு மேல் குறைந்திருந்தது.

அந்தச் செய்திகள் தொலைபேசியில் அப்படியே இருந்தன. நாம் வாங்கிப் பார்த்தோம். மலாயில் எழுதப்பட்டிருந்தது. எந்தக் கடைக்கு, எத்தனை வெள்ளி, என்ன எண் என்று மூன்றும் அதிலே இருந்தன. கடைசி வரியில், இந்த எண்ணை எவரிடமும் சொல்ல வேண்டாம் என்றும் இருந்தது. பையனுக்கு மலாய் நன்றாகவே தெரியும். ஆனால் அவனிடம் கேட்கப்பட்டது எண் மட்டுமே. ஆகவே எண்ணை மட்டும் வாசித்தான். எண்களைப் பிழையில்லாமல் வாசிக்கக் கற்றுக் கொடுத்தவர்கள் நாம்தான். ஒரு செய்தியைக் கடைசி வரி வரை வாசித்த பிறகே பதில் சொல்ல வேண்டும் என்பதைக் கற்றுக் கொடுக்காமல் போனவர்களும் நாம்தான். அந்தக் குறை இன்றளவும் நம் மனத்தை உறுத்துகிறது.

இனி, மறுமுனையில் இருந்தவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று பார்ப்போம். அவர் ரத்து எதுவும் செய்யவில்லை. இணையத்தில் ஒரு கடையைத் திறந்து, பொருள்களை எடுத்து வைத்துக்கொண்டு, பணம் கட்டும் இடத்தில் காத்திருந்தார். பையன் சொன்ன பதினாறு இலக்கங்களையும் மற்றவற்றையும் அங்கே நிரப்பினார். உடனே வங்கியின் கணினி, “இது உண்மையான உடைமைக்காரர்தானா?” என்று கேட்பதற்காக ஆறு இலக்க எண்ணை அந்த அம்மாவின் தொலைபேசிக்கு அனுப்பியது. அது நம் வீட்டுக் கதவைத் தட்டி, “திறக்கலாமா?” என்று கேட்பதைப் போன்றது. எண்ணைச் சொன்னது, “திறக்கலாம்” என்று சொன்னதற்குச் சமமாகிவிட்டது. மூன்று முறை எண் வந்தது என்றால், மூன்று முறை பொருள் வாங்கப்பட்டது என்றுதான் அர்த்தம்.

நேயர்களே, ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாங்குதலை ரத்துச் செய்ய வங்கிக்கு உங்கள் எண் தேவையில்லை. வங்கி ஊழியர், காவல் அதிகாரி, வருமான வரிக்காரர் ஆகிய எவரும் அந்த எண்ணைக் கேட்கமாட்டார்கள். கேட்டாலே அவர் திருடர் என்று முடிவு செய்துவிடலாம். இதில் யோசிக்க வேண்டியது எதுவுமில்லை.

குறுஞ்செய்தியில் வரும் எண்ணைக் கைவிட்டு, அதைவிடப் பாதுகாப்பான வழிக்கு மாறுமாறு 2022-ஆம் ஆண்டு செப்டம்பரில் பேங்க் நெகாரா வங்கிகளைக் கேட்டுக்கொண்டது. அதனால் இப்போது பல வங்கிகளில் எண்ணுக்குப் பதிலாக, தொலைபேசியில் உள்ள வங்கிச் செயலியில் “ஒப்புக்கொள்கிறீர்களா?” என்ற கேள்வி வருகிறது. திருடர்களும் அதற்கேற்ப மாறிவிட்டார்கள். “அந்தப் பொத்தானை அமுக்குங்கள், ரத்தாகிவிடும்” என்கிறார்கள். அன்று எண்ணைச் சொன்னதும் இன்று பொத்தானை அமுக்குவதும் ஒன்றுதான். நாமாக எதுவும் வாங்காதபோது கேள்வி வந்தால், மறுப்பதற்கான பொத்தானைத்தான் அமுக்க வேண்டும்.

திருடர்கள் ஏன் இப்படிப் பேச்சில் இறங்கினார்கள் என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. முன்பு அட்டையின் பின்னால் இருந்த கறுப்புக் கோட்டிலேதான் விவரங்கள் எல்லாம் பதிந்திருந்தன. ஒரு சிறு கருவியில் அட்டையை ஒரு முறை இழுத்தால் போதும், நகல் அட்டை செய்துவிடலாம். நம் நாட்டில் 2005-ஆம் ஆண்டளவில் கடன் அட்டைகளில் சில்லு பொருத்தப்பட்டது. அதை நகல் எடுப்பது எளிதல்ல. 2017 ஜூலை முதல் தேதியிலிருந்து கடைகளில் கையெழுத்துக்குப் பதிலாக ஆறு இலக்க இரகசிய எண் வந்தது. இப்படிப் பூட்டு பலமாகிவிட்டது. பூட்டை உடைக்க முடியாதவன், சாவி வைத்திருப்பவரிடம் நயமாகப் பேசிச் சாவியை வாங்கப் பார்க்கிறான். அதனால்தான் இன்று நம் காதும் வாயும் காவலாக இருக்க வேண்டியிருக்கிறது.

அவர்கள் பேசுகிற விதம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். முதலில் பயமுறுத்துவார்கள். கடன் அட்டையே இல்லாதவரிடம், “உங்கள் பெயரில் கடன் அட்டை இருக்கிறது, பல ஆயிரம் வெள்ளி பாக்கி” என்பார்கள். இல்லை என்று மறுத்தால், “அப்படியானால் காவல் நிலையத்துக்கே இணைப்புத் தருகிறோம்” என்று வேறொருவரைப் பேச விடுவார்கள். அவர், “உங்கள் மீது கைது ஆணை இருக்கிறது” என்பார். பிறகு அவசரப்படுத்துவார்கள். மூன்றாவதாக, “இதைக் கணவரிடமோ பிள்ளையிடமோ சொல்லக்கூடாது” என்பார்கள். கடைசியில், பணத்தைப் பாதுகாப்பான வேறொரு கணக்குக்கு மாற்றச் சொல்வார்கள். பயம், அவசரம், இரகசியம் ஆகிய மூன்றும் ஒன்றாக வந்தால் அது மோசடி. உண்மையான காவல்துறை தொலைபேசியில் வழக்கை முடித்து வைப்பதில்லை. பேங்க் நெகாராவும் நம் பணத்தைப் பத்திரப்படுத்தத் தனிக் கணக்கு எதுவும் வைத்திருக்கவில்லை.

தொலைபேசித் திரையில் வங்கியின் எண்ணோ காவல் நிலையத்தின் எண்ணோ தெரிந்தாலும் நம்பிவிட வேண்டாம். அதையும் போலியாகக் காட்ட முடியும். அழைப்பைத் துண்டித்துவிடுங்கள். பிறகு, உங்கள் அட்டையின் பின்னால் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு நீங்களே அழையுங்கள். பேச்சை நடுவில் துண்டிப்பது மரியாதைக் குறைவு என்று நம்மவர்கள் எண்ணுகிறார்கள். திருடனிடம் மரியாதை பார்க்க வேண்டியதில்லை.

வாட்ஸ்அப்பில் வரும் இன்னொரு வலையும் உண்டு. கல்யாணப் பத்திரிகை என்றோ, வீடு சுத்தம் செய்யும் மலிவுச் சேவை என்றோ, அரசாங்க உதவித் தொகை என்றோ ஒரு கோப்பை அனுப்பித் திறக்கச் சொல்வார்கள். அதைத் திறந்து செயலியாக ஏற்றிக்கொண்டால், நம் தொலைபேசிக்கு வருகிற செய்திகளை அவர்களும் படிக்க முடியும். பிறகு எண்ணை நாம் வாய் திறந்து சொல்லவே தேவையில்லை. உறவினர் வீட்டுக் கல்யாணம் என்றால் யாராவது அழைத்துச் சொல்லாமலா இருப்பார்கள்? சந்தேகமான கோப்பை ஏற்ற வேண்டாம் என்று பிள்ளைகளிடம் முக்கியமாகச் சொல்லுங்கள். பெரும்பாலும் தொலைபேசி அவர்கள் கையில்தான் இருக்கிறது.

இனி, நம் தோட்டத்திலேயே நடக்கும் சில பழக்கங்களைப் பார்ப்போம். சொன்னால் சிலருக்குக் கசக்கலாம். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

முதலாவது, இரகசிய எண்ணை அட்டையின் உறையிலேயே எழுதி வைப்பது. இது பூட்டிலேயே சாவியை விட்டுவைப்பதற்குச் சமம். பிறந்த தேதியை இரகசிய எண்ணாக வைப்பதும் அப்படித்தான். நம் அடையாள அட்டையின் முதல் ஆறு இலக்கங்கள் நாம் பிறந்த ஆண்டும் மாதமும் நாளும் அல்லவா? இரண்டு அட்டைகளும் ஒரே பணப்பையில்தான் இருக்கின்றன. பை தொலைந்தால் இரண்டும் சேர்ந்தே போய்விடும்.

இரண்டாவது, பணம் எடுக்கும் இயந்திரத்தின் முன்னால் அந்நியரின் உதவியை ஏற்பது. சம்பள நாளில் வரிசையில் நிற்கும்போது, “இப்படிச் செய்ய வேண்டும் அம்மா” என்று ஒருவர் அட்டையை வாங்கிப் போடுவார். திருப்பிக் கொடுப்பது வேறோர் அட்டையாக இருக்கலாம். எண்ணை அமுக்கும்போது மறு கையால் மறைத்துக்கொள்ளுங்கள். உதவி வேண்டுமென்றால் வங்கிக்குள்ளே போய் முகப்பில் கேளுங்கள்.

மூன்றாவது, அட்டையை அடகு வைப்பது. கடன் கொடுத்தவர் அட்டையையும் இரகசிய எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்கிறார். சம்பளம் விழுந்ததும் அவரே எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுக்கிறார். எவ்வளவு எடுத்தார் என்பது அவருக்கு மட்டுமே தெரியும். உரிமம் பெற்று வட்டிக்குக் கொடுப்பவர்கூட, அடமானம் இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. நம் அட்டையைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் அவருக்கு உரிமை இல்லை. அவசரத்துக்குக் கடன் வாங்க நேர்வது எல்லோருக்கும் உள்ளதுதான். ஆனால் கடனுக்கு ஈடாகச் சம்பளத்தின் சாவியையே கொடுத்துவிடக் கூடாது.

நான்காவது, அட்டையையும் கணக்கையும் வாடகைக்கு விடுவது. சில நூறு வெள்ளிக்கு ஆசை காட்டி, “உன் கணக்கைக் கொடு, வியாபாரத்துக்கு வேண்டும்” என்று இளைஞர்களை அணுகுகிறார்கள். வேறொரு ஏழையிடம் திருடிய பணம்தான் அந்தக் கணக்கில் வந்து விழுகிறது. போலிஸ் தேடி வருவது கணக்கில் பெயர் உள்ளவரைத்தான். 2024-ஆம் ஆண்டு தண்டனைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, இப்படிக் கணக்கைப் பிறரிடம் ஒப்படைப்பதே குற்றமாகிவிட்டது. “எனக்கு ஒன்றும் தெரியாது” என்று சொல்லித் தப்பிக்க முடியாது. வயது வந்த பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதை வெளிப்படையாகப் பேசிவிடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு, நாமே செய்துகொள்ளக்கூடிய காவல் என்ன? வங்கிக்குப் போகும்போது, அட்டையைக் கொண்டு இணையத்தில் வாங்கும் வசதியையும் வெளிநாட்டில் பயன்படுத்தும் வசதியையும் மூடி வைக்கக் கேளுங்கள். வேண்டும்போது திறந்துகொள்ளலாம். நம் நாட்டில் 250 வெள்ளி வரையிலான பொருளுக்கு, இரகசிய எண் இல்லாமல் அட்டையைக் கருவியில் தட்டினாலே பணம் போய்விடும். அட்டையைக் கண்டெடுத்தவரும் தட்டலாம் அல்லவா? அந்த அளவைக் குறைக்க முடியுமா என்றும் வங்கியில் விசாரியுங்கள். ஒரே கணக்கில் எல்லாப் பணத்தையும் வைக்காமல், சேமிப்பை அட்டை இல்லாத வேறொரு கணக்கில் வைப்பது இன்னும் நல்லது. அந்த அம்மா அப்படிச் செய்திருந்தால் ஒரு மாதச் சம்பளத்தோடு இழப்பு நின்றிருக்கும்.

காவலையும் மீறித் தவறு நடந்துவிட்டால் என்ன செய்வது? இங்கேதான் அந்தக் குடும்பம் இரண்டாவது முறையாக இழந்தது. வெள்ளிக்கிழமை இரவே அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் வெட்கம். அக்கம்பக்கத்தில் சிரிப்பார்களே என்ற பயம். சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் வாய் திறக்கவில்லை. செவ்வாய்க்கிழமை நாம் அவர்களை வங்கிக்கு அழைத்துச் சென்றபோது பணம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அது திரும்பி வரவில்லை.

யானை வாயில் போன கரும்பு திரும்பாது என்பார்கள். ஆனால் வங்கிப் பணம் உடனே யானையின் வாய்க்குப் போய்விடுவதில்லை. ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு, அங்கிருந்து வேறொன்றுக்கு என்று தாவித் தாவித்தான் போகிறது. அது வழியில் இருக்கும்போதே மறித்துவிட்டால் சில சமயம் மீட்க முடியும். அதற்காகவே 2022 அக்டோபரில் தேசிய மோசடி எதிர்நடவடிக்கை மையம் அமைக்கப்பட்டது. அதன் தொலைபேசி எண் 997. தெரிந்த நிமிடமே வங்கிக்கும் 997-க்கும் அழைத்துச் சொல்ல வேண்டும். அட்டையை முடக்கச் சொல்ல வேண்டும். பிறகு போலிஸ் நிலையத்தில் புகார் செய்து, அந்தப் பிரதியைப் பத்திரப்படுத்த வேண்டும். தாமதித்தவர், இரகசிய எண்ணைத் தாமே சொன்னவர், அதை அட்டையோடு எழுதி வைத்தவர் ஆகியோர் இழப்பைத் தாமே ஏற்க நேரிடலாம். அதனால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தூங்கிவிடக் கூடாது.

ஏமாறுகிறவன் இருக்கும் வரை ஏமாற்றுகிறவன் இருப்பான் என்று ஒரு பேச்சு உண்டு. அதைச் சொல்லித்தான் ஏமாந்தவரின் வாயை அடைக்கிறோம். படித்தவர்களும் உத்தியோகத்தில் உள்ளவர்களும் இதில் ஏமாந்திருக்கிறார்கள். ஏமாந்தவரைப் பார்த்துச் சிரிப்பது திருடனுக்கு நேரம் கொடுப்பதாகும். அடுத்த வீட்டில் இப்படி நடந்தால் சிரிக்காதீர்கள். முதலில் 997-ஐ அழைத்துக் கொடுங்கள்.

அந்தப் பையனைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். அவன் மீண்டும் பள்ளிக்கு வந்தான். சில வாரங்கள் வகுப்பில் வாய் திறக்கவில்லை. நாம் அந்தக் குறுஞ்செய்தியைப் போலவே ஒன்றைக் கரும்பலகையில் எழுதி, வகுப்பு முழுவதையும் கடைசி வரி வரை வாசிக்கச் சொன்னோம். யார் எச்சரிக்கையைக் கண்டுபிடிக்கிறார்கள் என்று கேட்டோம். அவன்தான் முதலில் கை தூக்கினான். அன்றுமுதல் ஒவ்வோர் ஆண்டும் அந்தப் பாடத்தை நடத்துகிறோம். ஒரு மாணவர் வங்கிக்காரர் போலத் தொலைபேசியில் கேட்பார். இன்னொருவர், “எண்ணைச் சொல்ல மாட்டேன், நான் வங்கிக்கு அழைத்துக்கொள்கிறேன்” என்று சொல்லித் துண்டிக்க வேண்டும். பிள்ளைகள் விளையாட்டாகத்தான் செய்கிறார்கள். ஆனால் வீட்டில் தொலைபேசி மணி அடிக்கும்போது அந்தச் சொற்கள் தாமாகவே வாய்க்கு வரும்.

நீங்களும் இன்றிரவே ஒரு காரியம் செய்யுங்கள். சுவரில் தொங்கும் நாள்காட்டியின் ஓரத்தில், அட்டையின் பின்னால் உள்ள வங்கி எண்ணையும் 997 என்ற எண்ணையும் பெரிதாக எழுதச் சொல்லுங்கள். வீட்டில் நன்றாக எழுதத் தெரிந்த பிள்ளை எழுதட்டும். அதன் கீழே, “எண்ணை யாருக்கும் சொல்ல மாட்டோம்” என்று ஒரு வரியையும் அந்தப் பிள்ளையே எழுதட்டும்.